டிசம்பர் ஷிப்ட், கிறிஸ்துமஸ் விருந்து: கேளுங்கள், சொல்கிறோம்

பிரிட்டனில் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்குக் கார்த்திகை பிறந்தால் ஒரே பேச்சுதான்: கிறிஸ்துமஸ் சீசனுக்கு எந்தக் கடையில் ஆள் எடுக்கிறார்கள்? பெரிய கடைகளும் கிடங்குகளும் செப்டம்பர், அக்டோபரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுகின்றன. வேலை கிடைத்த பிறகுதான் கேள்விகள் முளைக்கின்றன. மாணவர்களும் ஊரில் இருக்கும் பெற்றோரும் அனுப்பியவற்றிலிருந்து சிலவற்றுக்கு, மாணவர் ஆலோசனையிலும் சம்பளக் கணக்கிலும் அடுப்படியிலும் பழகிய எங்கள் குழு பதில் தருகிறது. கூலி, வரி விவரங்கள் 2025 டிசம்பர் நிலவரம். சட்டம் என்று சொல்வதெல்லாம் இங்கிலாந்தை வைத்து. ஸ்காட்லாந்தில் வருமான வரி விகிதம் வேறு.

எம்.எஸ்சி. படிக்கிறேன். டிசம்பர் 12 வெள்ளியோடு டெர்ம் முடிகிறது. சூப்பர் மார்க்கெட்டில் 8ஆம் தேதியிலிருந்தே வாரம் 38 மணி நேரம் தருகிறேன் என்கிறார்கள். வகுப்புகள் 5ஆம் தேதியே முடிந்துவிட்டன. ஒத்துக்கொள்ளலாமா?
மாணவர், கோவென்ட்ரி

மாணவர் விசாவில் டெர்ம், அதாவது வகுப்புப் பருவம், நடக்கும் வாரத்தில் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், விடுமுறையில் முழு நேரம். ஆகவே 8ஆம் தேதி வாரத்தில் 20 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். 15ஆம் தேதி திங்களிலிருந்து முழு நேரம் செய்யுங்கள்.

உங்கள் வகுப்பு எப்போது முடிந்தது என்பது கணக்கில் வராது. பல்கலைக்கழகம் வெளியிட்ட டெர்ம் தேதிதான் கணக்கு. மாணவர் விசாவில் வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. வெள்ளி வரை டெர்ம் இருக்கும் வாரத்தில் சனி, ஞாயிறை மட்டும் விடுமுறை என்று வெட்டி எடுத்துக் கணக்குப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. முழு வாரத்தையும் டெர்ம் வாரமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 12 திங்களன்று டெர்ம் தொடங்கினால், 11ஆம் தேதி ஞாயிறு வரை முழு நேரம் போகலாம்.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, சராசரி. ஒரு வாரம் 12, மறு வாரம் 28, ஆக சராசரி 20 என்று சொல்ல முடியாது. அந்த 28 விதிமீறல்தான். இரண்டாவது, இரண்டு முதலாளிகள். நூலகத்தில் 8 மணி நேரம், கடையில் 16 என்றால் மொத்தம் 24. ஒவ்வொருவரும் தன்னிடம் 20க்குள் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். கூட்டிப் பார்க்க வேண்டியது நீங்கள். மூன்றாவது, ஞாயிறு இரவு ஷிப்ட். இரவு 10 முதல் காலை 6 வரை என்றால், 2 மணி நேரம் போன வாரத்தில், 6 மணி நேரம் வரும் வாரத்தில். டெர்ம் தொடங்கும் முதல் வாரத்தில் பலர் மாட்டுவது இந்த 6 மணி நேரத்தில்தான்.

உங்களைப் போல முதுநிலை வகுப்பு படிப்பவர்களுக்கு இன்னொன்று. கிறிஸ்துமஸ் விடுமுறையைப் பல்கலைக்கழகம் விடுமுறை என்று அறிவித்திருந்தால் அது விடுமுறைதான். கோடை அப்படி அல்ல. ஆய்வேடு எழுதும் காலம் படிப்புக் காலமாகவே எண்ணப்படும். டிசம்பரில் முழு நேரம் செய்த பழக்கத்தில் ஜூலையிலும் தொடர்ந்துவிடாதீர்கள்.

சீசனில் மேனேஜர் "இன்னும் ஒரு ரெண்டு மணி நேரம் இருக்க முடியுமா?" என்று தன்மையாகத்தான் கேட்பார். அவருக்கு அன்றைய வரிசை கண்ணில் தெரிகிறது, உங்கள் விசா தெரியாது. திங்கள் தொடங்கி எத்தனை மணி நேரம் ஆனது என்று போனில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு சம்பளமும் வரித்துறைக்குப் பதிவாகிப் போகிறது என்பதால், பிறகு மறைக்க வழியே கிடையாது.

நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் இன்னும் வரவில்லை. அது வரும்வரை வேலைக்குச் சேர முடியாது என்று அறைத்தோழி சொல்கிறாள்.
மாணவி, லெஸ்டர்

சேரலாம். அது சம்பளத்தில் பிடிக்கும் சமூகக் காப்பீட்டுக்கான எண். அதற்கு விண்ணப்பித்துவிட்டு, வந்ததும் சம்பளப் பிரிவில் கொடுத்தால் போதும். விண்ணப்பம் அரசின் இணையதளத்தில் இலவசம். பணம் கட்டச் சொல்லும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

சேருவதற்கு உண்மையில் வேண்டியவை இரண்டு. ஒன்று, உங்களுக்கு வேலை செய்யும் உரிமை உண்டு என்று முதலாளிக்குக் காட்ட, இ-விசா கணக்கிலிருந்து எடுக்கும் பகிர்வுக் குறியீடு (ஷேர் கோட்). அது 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். வேறு எழுத்தில் தொடங்கினால் நீங்கள் எடுத்தது வாடகை வீட்டுக்கோ வேறு எதற்கோ ஆனது. மறுபடி 'வேலை' என்பதைத் தேர்ந்து எடுங்கள். மற்றது, டெர்ம் தேதிகளுக்குப் பல்கலைக்கழகம் தரும் சான்று. பலர் இதை மறந்து, முதல் நாளே திரும்பி வருகிறார்கள்.

வேலை வாங்கித் தர ஏஜென்சி கட்டணம் கேட்டால் அது சட்டவிரோதம். ஆளிடம் காசு வாங்கி வேலை தேடித் தர அங்கே அனுமதி இல்லை. ஊர்க்காரர், தெரிந்தவர் என்று வந்து கேட்டாலும் இதே பதில்தான்.

கடை வேலை கிடைக்கவில்லை. டிசம்பரில் உணவு டெலிவரி செய்தால் நல்ல காசு என்கிறார்கள். நண்பனின் கணக்கில் ஓட்டலாமா? இல்லாவிட்டால் வீட்டிலேயே பிளம் கேக் செய்து விற்கலாமா?
மாணவர், ஈஸ்ட் ஹாம்

இரண்டும் கூடாது. மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு இடமில்லை. டெலிவரி ஆப்கள் ஓட்டுநரை ஊழியராக எடுப்பதில்லை, சுயதொழில் செய்பவராகத்தான் எடுக்கின்றன. அதனால் 20 மணி நேரத்துக்குள் ஓட்டினாலும் தப்புதான். நண்பனின் கணக்கில் ஓட்டினால் அவனும் சேர்ந்து மாட்டுவான். கேக் விற்பதும் அதே கதை. எத்தனை கிலோ, யாருக்கு என்பதெல்லாம் பொருட்டில்லை. செய்து நண்பர்களுக்குக் கொடுங்கள், காசு வாங்காதீர்கள்.

இதே வரிசையில் இன்னொன்று: ஷாப்பிங் சென்டர்களில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம், பாட்டு, ஆட்டம். மாணவர் விசாவில் கலைநிகழ்ச்சியாளராக வேலை செய்யத் தடை இருக்கிறது. தாத்தா வேடம் அதில் வருமா வராதா என்ற விவாதத்தில் இறங்குவதைவிட, அதே இடத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலையையோ போட்டோ கவுன்டரையோ கேட்டு வாங்குங்கள். வேடம்தான் வேண்டும் என்றால், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

டிசம்பரில் 131 மணி நேரம் வேலை செய்தேன். மணிக்கு 12.21 பவுண்டு. கிட்டத்தட்ட 1,600 வர வேண்டும். கையில் வந்தது 1,236. இவ்வளவு பிடித்தம் எதற்கு?
மாணவி, ஹாரோ

சம்பளச் சீட்டில் வரிக் குறியீடு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'பி.ஆர்.' என்றோ '0டி' என்றோ இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும். உங்கள் 1,600இல் 20 சதவீதம் 320 பவுண்டு வரியாகவும், 44 பவுண்டு நேஷனல் இன்ஷூரன்ஸாகவும் போயிருக்கிறது.

காரணம் இது. வேலையில் சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். அதில் ஏ, பி, சி என்று மூன்று வாசகங்கள். வரி ஆண்டு தொடங்கும் ஏப்ரல் 6க்குப் பிறகு இதுதான் முதல் வேலை என்றால் ஏ. இப்போது இது ஒன்றே வேலை, ஆனால் ஏப்ரலுக்குப் பிறகு வேறு வேலை பார்த்திருக்கிறேன் என்றால் பி. இப்போதே இன்னொரு வேலையும் இருக்கிறது என்றால் சி. அவசரத்தில் சி-யில் டிக் போட்டால் பி.ஆர். குறியீடு விழும். படிவத்தைக் கொடுக்காமலே விட்டால் 0டி விழும். இரண்டிலும் வரிவிலக்கு கிடையாது, முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் போகும்.

ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி இல்லை. அதற்கான குறியீடு 1257எல். செப்டம்பரில் வந்து டிசம்பரில்தான் முதல் வேலை என்றால், ஏ-யில் டிக் போட்டிருந்தால், ஏப்ரலிலிருந்து சேர்ந்த ஒன்பது மாத விலக்கு 9,400 பவுண்டுக்கு மேல் உங்கள் பக்கம் இருந்திருக்கும். வரி பூஜ்யம். அதே குறியீட்டின் பின்னால் 'எம்1' ஒட்டியிருந்தால் அந்த ஒரு மாத விலக்கு மட்டும்தான். அதாவது 1,048 பவுண்டு போக மீதிக்கு வரி. உங்கள் சம்பளத்துக்கு அது சுமார் 110 பவுண்டு.

பணம் எங்கும் போய்விடவில்லை. வேலை தொடர்கிறது என்றால் வரித்துறைக்குப் போன் செய்தோ இணையக் கணக்கிலோ விவரத்தைத் திருத்துங்கள். புதுக் குறியீடு வந்ததும் அடுத்த சம்பளத்திலேயே திருப்பித் தருவார்கள். வேலை முடிந்துவிட்டது என்றால், அதுவரை வந்த சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் பி45 என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். நான்கு வாரம் வேறு வேலை இல்லாமல் இருந்தால் வரியைத் திரும்பக் கேட்கும் பி50 விண்ணப்பம் போடலாம். புது வேலை கிடைத்தால் பி45ஐ அங்கே கொடுங்கள், கணக்கு தானாக நேராகும். எதுவும் செய்யாவிட்டாலும் ஏப்ரல் 5க்குப் பிறகு வரித்துறை கணக்குப் பார்த்துக் கடிதம் அனுப்பும். ஆனால் அதற்குள் நீங்கள் வீடு மாறியிருப்பீர்கள், கடிதம் பழைய விலாசத்துக்குப் போகும். முகவரியை மாற்றி வையுங்கள்.

அந்த 44 பவுண்டு திரும்பாது. நேஷனல் இன்ஷூரன்ஸ் அந்தந்தச் சம்பளத்தை மட்டும் பார்க்கும். மாதச் சம்பளத்தில் 1,048க்கு மேலே போனதில் 8 சதவீதம்.

சீட்டைக் கையில் எடுத்ததுதான் எடுத்தீர்கள், விடுப்பு ஊதியம் என்று தனி வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். நேரம் நிலையில்லாத வேலைகளில் செய்த நேரத்துக்கு 12.07 சதவீதம் விடுப்பு சேரும். உங்கள் 131 மணி நேரத்துக்கு அது 15.8 மணி நேரம், ஏறத்தாழ 193 பவுண்டு. சிலர் மாதாமாதம் சேர்த்தே தருவார்கள், சிலர் வேலை முடியும்போது தருவார்கள். இரண்டும் இல்லையென்றால் கேளுங்கள். சீசன் ஆள்தானே என்று அதை மறுக்க முடியாது.

எனக்கு 19 வயது. பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கு 12.21, எனக்கு 10 பவுண்டு. பாக்ஸிங் டே (டிசம்பர் 26) அன்று வேலை செய்தால் இரட்டைச் சம்பளமாவது கிடைக்குமா?
மாணவர், லூட்டன்

2025 டிசம்பர் நிலவரப்படி குறைந்தபட்ச கூலி 21 வயது ஆனவர்களுக்கு 12.21, 18 முதல் 20 வரை 10 பவுண்டு. அநியாயமாகத் தோன்றும், ஆனால் சட்டம் அதுதான். வயது பார்க்காமல் ஒரே கூலி தரும் கடைகளும் இருக்கின்றன. அடுத்த வருடம் விண்ணப்பிக்கும்போது அதை முதலில் பாருங்கள்.

இரட்டைச் சம்பளத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பேங்க் ஹாலிடே எனும் அரசு விடுமுறைக்குக் கூடுதல் தருவதும் தராததும் உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. டிசம்பர் 25 அன்று அந்தக் கேள்வியே பெரிய கடைகளில் எழாது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று திறக்கக் கூடாது என்று 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். சின்னக் கடை, பெட்ரோல் பங்க், ஓட்டல், முதியோர் இல்லம் திறந்திருக்கும். பெரிய கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் 6 மணி நேரம்தான் வியாபாரம். ஆகவே டிசம்பர் 28க்கு நீளமான கல்லா ஷிப்டை எதிர்பார்த்து வாடகைக் கணக்குப் போடாதீர்கள்.

கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ சொந்தச் செலவில் வாங்கி வரச் சொல்கிறார்கள். எதை வாங்குவது? எட்டு மணி நேரம் நின்றால் கால் போய்விடுகிறது.
மாணவி, பர்மிங்காம்

முதலில் காசு விஷயம். குறைந்தபட்ச கூலி வாங்குபவரிடம், இந்த நிறத்தில்தான் உடுத்த வேண்டும் என்று சொல்லிச் சொந்தக் காசில் வாங்க வைத்தால், அந்தச் செலவைக் கழித்துப் பார்த்து, கூலி குறைந்தபட்சத்துக்குக் கீழே போகிறதா என்று அதிகாரிகள் கேட்பார்கள். பல கடைகளுக்கே இது தெரியாது. ரசீதை வைத்துக்கொண்டு பணிவாகக் கேளுங்கள், பெரும்பாலும் தந்துவிடுவார்கள். பயிற்சி நேரத்துக்கும் கூலி உண்டு.

ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மாலை நேரத்தில் போய் வாங்குங்கள். கால் அப்போதுதான் வீங்கி உண்மையான அளவில் இருக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அடிப்பாகம் வழுக்காததா என்று பாருங்கள், பால், தயிர் அடுக்கும் குளிர்ப் பகுதியில் தரை எப்போதும் ஈரம். கிடங்கு என்றால் இரும்பு முனை ஷூவை அவர்களே தர வேண்டும்.

உடம்பில் ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டர் போடுவதைவிட மெல்லிசாக மூன்று அடுக்கு போடுவது நல்லது. வெளியே 3 டிகிரி, கடைக்குள் 21 டிகிரி, குளிர் அறையில் மறுபடி 3 டிகிரி. கழற்றிப் போடுவதுதான் அங்கே வாழ்க்கை. 6 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஷிப்டில் 20 நிமிட இடைவேளை உரிமை, ஆனால் அதற்குக் கூலி தர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்க 11 மணி நேர இடைவெளி வேண்டும். இரவு 11க்குக் கடையை மூடிவிட்டுக் காலை 6க்கு வரச் சொன்னால் அதைச் சொல்லுங்கள்.

லண்டனில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகல் ஷிப்டில் இருப்பவர்கள் வெயிலையே பார்க்காமல் ஒரு மாதம் ஓடும். தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்வது அந்நாட்டு அரசின் பொது அறிவுரை. நம் நிறத்தவர்களுக்கு ஆண்டு முழுவதுமே அது பொருந்தும்.

கல்லாவில் நிற்கிறேன். ஒயின் வாங்கும் வயதானவர்களிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டுமா? கிறிஸ்துமஸ் கிராக்கரை ஸ்கேன் செய்தாலும் திரையில் வயது கேட்கிறது. அது காகித பொம்மைதானே?
மாணவர், ஸ்லாவ்

மதுவுக்குச் சட்ட வயது 18. ஆனால் 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அட்டை கேட்க வேண்டும் என்பது பெரும்பாலான கடைகளின் நடைமுறை. நரைத்தவரிடம் கேட்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். 18க்குக் கீழே உள்ளவருக்கு விற்றால் கடைக்கு மட்டுமல்ல, பில் போட்ட உங்களுக்கும் 90 பவுண்டு அபராதம் வரும், வேலையும் போகும். பின்னால் வரிசை முனகினால் முனகட்டும்.

கிராக்கர் வெறும் காகிதம் இல்லை. இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தால் 'பட்' என்று வெடிக்கும். உள்ளே இரண்டு அட்டைக் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கும். அவற்றுக்கு நடுவே துளியளவு வெள்ளி ஃபல்மினேட். உரசினால் வெடிப்பது அதுதான். ஆகவே சட்டப்படி வெடிபொருள் வகை, 12 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. ஊருக்குக் கொண்டுபோய்த் தங்கைக்குக் காட்டலாம் என்று விமானப் பெட்டியில் வைக்காதீர்கள். பல விமான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. சமையலறைக் கத்திக்கும் 18 வயது பார்க்க வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

25ஆம் தேதி ஓட்டலில் எனக்கு ஷிப்ட். எப்படிப் போவது?
மாணவர், குராய்டன்

அன்று லண்டனில் ட்யூப் (சுரங்க ரயில்) இல்லை, பேருந்து இல்லை. நாடு முழுக்க ரயிலும் ஓடாது. 24ஆம் தேதி மாலையே வண்டிகள் சீக்கிரம் நின்றுவிடும். 26 அன்று லண்டனுக்குள் குறைந்த அளவில் ஓடும், வெளியூர் ரயில்கள் பெரும்பாலும் அன்றும் இல்லை. டாக்ஸிக் கட்டணம் அன்றைய கூலியில் பாதியை விழுங்கும். எனவே ஷிப்டை ஏற்கும் முன்பே, அழைத்துப்போய் விடுவீர்களா என்று மேனேஜரிடம் கேளுங்கள். அன்றைக்கு ஆள் கிடைக்காமல் அவர்கள் தவிக்கிறார்கள், பேரம் உங்கள் பக்கம். நடக்கும் தூரமா, சைக்கிள் கிடைக்குமா என்று பாருங்கள். நீண்ட தூரப் பேருந்துகள் (கோச்) சில அன்றும் ஓடும், ஆனால் முன்பதிவு செய்ய வேண்டும்.

கடையில் 'மின்ஸ் பை' கொடுத்தார்கள். மின்ஸ் என்றால் கொத்துக்கறி என்று சாப்பிடாமல் வைத்துவிட்டேன். சீக்ரெட் சாண்டாவுக்கு என் பங்குக்கு என்ன வாங்குவது என்றும் தெரியவில்லை.
மாணவி, மில்டன் கீன்ஸ்

கறி இல்லை. உலர்திராட்சை, ஆப்பிள், ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு எல்லாம் சேர்ந்த இனிப்புப் பூரணம். ஒரு காலத்தில் கறியும் சேர்த்தார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆனாலும் உங்கள் சந்தேகம் முழுக்க வீண் இல்லை. அதில் 'சூட்' என்ற கொழுப்பு சேர்ப்பார்கள், பழைய முறைப்படி அது மாட்டுக் கொழுப்பு. இப்போது கடைகளில் விற்கும் பலவற்றில் தாவர எண்ணெயில் செய்த சூட்தான் இருக்கிறது. அட்டையைத் திருப்பி, சைவக் குறியும் பொருள் பட்டியலும் பாருங்கள். கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும் இதே சூட், கூடவே பிராந்தியோ ரம்மோ இருக்கும். வீட்டில் செய்து கொண்டுவந்தவர் என்றால் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். 'போர்வை போர்த்திய பன்றி' என்ற பெயரில் வருவது பன்றி இறைச்சி சுற்றிய சாசேஜ். பெயரிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

சீக்ரெட் சாண்டாவில் சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பெயர் சொல்லாமல் பரிசு. வரம்பு வழக்கமாக 5 அல்லது 10 பவுண்டு. நம் ஊர்ப் பழக்கத்தில் கூடக் கொடுத்தால் மரியாதை என்று 30 பவுண்டுக்கு வாங்காதீர்கள். வாங்கியவருக்கு அது சங்கடம். நல்ல பிஸ்கட் டின், கம்பளி சாக்ஸ், ஒரு கோப்பை போதும். சென்ட், சோப்பு வேண்டாம், நாசூக்காக எதையோ சுட்டுவதுபோல் ஆகிவிடும்.

ஊழியர் விருந்துக்குப் பெயர் கொடுக்கும் முன், யார் காசு என்று கேளுங்கள். பல இடங்களில் ஆளுக்கு 30, 35 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும், சாப்பாட்டையும் நவம்பரிலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

வீட்டில் ஆறு பேர், யாருக்கும் ஊருக்குப் போக லீவு இல்லை. 24 இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது உறைந்த வான்கோழி ஒன்றை வாங்கி வந்து மறுநாள் மதியம் நம் மசாலாவில் சுடலாம் என்று திட்டம். சரிவருமா?
மாணவர்கள், ரெடிங்

வராது. உறைந்த வான்கோழி பிரிட்ஜில் இளக, கிலோவுக்கு 10 முதல் 12 மணி நேரம் ஆகும். 4 கிலோ என்றால் 40 முதல் 48 மணி நேரம். 24 இரவு 10க்கு வாங்கினால் 26 இரவுதான் அடுப்பில் ஏறும். சீக்கிரம் ஆகட்டும் என்று வெந்நீரில் போட்டாலோ ஹீட்டர் பக்கத்தில் வைத்தாலோ மேல்தோல் கெட ஆரம்பித்திருக்கும், நடுவில் ஐஸ் அப்படியே இருக்கும். உள்ளே பனிக்கட்டியோடு சுட்டால் வெளியே கருகி எலும்புப் பக்கம் பச்சையாக நிற்கும். வயிற்றுப்போக்கு வருவது இப்படித்தான்.

செய்யக்கூடியவை இரண்டு. 22ஆம் தேதி இரவே வாங்கி, பிரிட்ஜின் அடித்தட்டில், நீர் வடிய ஆழமான தட்டில் வைப்பது. ஆறு பேர் பங்குபோட்ட பிரிட்ஜில் அந்தத் தட்டைக் காலி செய்து தர யார் சம்மதிப்பார் என்பதை முதலில் பேசி முடியுங்கள். அல்லது 24 மாலை கடை மூடும் நேரத்தில், உறையாத பறவைக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பார்கள், அதை வாங்குவது. அங்கேயே வேலை செய்கிறீர்கள் என்றால் எத்தனை மணிக்கு ஒட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'இந்தத் தேதிக்குள் உபயோகிக்கவும்' என்பது 25 அல்லது அதற்குப் பிறகு இருக்க வேண்டும். எதை வாங்கினாலும் முதலில் ஓவனை அளந்துவிட்டுப் போங்கள். மாணவர் வீட்டு ஓவன்களில் 6 கிலோ பறவை நுழையாது.

இனி சமையல், 4 கிலோவுக்கு. கழுவாதீர்கள். கழுவினால் கிருமி தொட்டி முழுக்கத் தெறிக்கும், சூட்டில் எப்படியும் சாகப்போகிறது. 200 கிராம் கெட்டித் தயிர், 3 மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, 2 மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், ஒன்று மிளகுத்தூள், ஒன்றரை கரம் மசாலா, 40 கிராம் உப்பு, ஓர் எலுமிச்சை. நெஞ்சுப் பகுதித் தோலைக் கிழிக்காமல் விரல் விட்டுப் பிரித்து, மசாலாவில் பாதியையும் 50 கிராம் வெண்ணெயையும் தோலுக்கு அடியில் தடவுங்கள். வான்கோழியின் நெஞ்சில் கொழுப்பே இல்லை, வெண்ணெய் இல்லாவிட்டால் சக்கையாக வரும். மீதி மசாலா வெளியே. இரவு முழுக்க பிரிட்ஜில்.

ஓவன் 180 டிகிரி, காற்றாடி ஓவன் என்றால் 160. நாலரை கிலோவுக்குக் கீழே உள்ள பறவைக்குக் கிலோவுக்கு 45 நிமிடம், அதோடு 20 நிமிடம். 4 கிலோவுக்கு 3 மணி 20 நிமிடம். முக்கால் நேரம் அலுமினியத் தாள் மூடியிருக்கட்டும், கடைசி 40 நிமிடம் மட்டும் எடுங்கள். முதலிலேயே திறந்து வைத்தால் தயிர் மசாலா கருகிப் புகை அலாரம் அலறும். வயிற்றுக்குள் அரிசியோ மசாலாவோ அடைக்காதீர்கள், நடுவில் சூடு ஏறாது, தனியாகச் செய்துகொள்ளுங்கள். தொடையும் உடலும் சேரும் தடித்த இடத்தில் குத்தினால் நீர் தெளிவாக வர வேண்டும், இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. 10 பவுண்டுக்குள் சமையல் தெர்மாமீட்டர் கிடைக்கும். அந்த இடத்தில் 75 டிகிரி காட்டினால் கவலை இல்லை. எடுத்து அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு வெட்டுங்கள், சாறு இறைச்சிக்குள்ளேயே நிற்கும்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடியுங்கள். பிரியாணி ஆக்கினால் சோறுதான் சீக்கிரம் ஏமாற்றும். ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி உள்ளே வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். உண்மையில் ஆறு பேருக்கு இரண்டு கோழி சுலபம், ஒன்றரை மணி நேரத்தில் முடியும், ருசியும் கூட. போட்டோவுக்கு வான்கோழிதான் வேண்டும் என்றால் மேற்சொன்னபடி.

மகன் மான்செஸ்டரில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக், மக்ரூன், கொஞ்சம் நெய், பால்கோவா, கறிவேப்பிலை அனுப்ப ஆசை. போகுமா?
ஒரு தாய், தூத்துக்குடி

கேக்கும் மக்ரூனும் அனுப்புங்கள், அம்மா. மற்ற மூன்றையும் எடுத்துவிடுங்கள். பால் பொருட்களுக்கு இந்தியாவிலிருந்து அனுமதி இல்லை, நெய்யும் பால்கோவாவும் அதில் வந்துவிடும். கறி ஊறுகாய்க்கும் அதே தடை. பச்சைக் கறிவேப்பிலை செடிநோய் காரணமாகத் தடுக்கப்பட்டது. ஒன்றை ஒளித்து வைத்தால் பார்சலே போய்விடும். க்ரீம் இல்லாத கேக், பிஸ்கட், முறுக்கு இவற்றுக்குத் தொல்லை இல்லை.

மக்ரூன் ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும். காற்றுப் புகாத டின்னில், அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் போட்டு, அசையாதபடி இடைவெளியை நிரப்புங்கள். கேக்கை நன்றாக ஆறவிட்டுச் சுற்றுங்கள். சூட்டோடு சுற்றினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். சுங்கப் படிவத்தில் 'பரிசு' என்று குறித்து உள்ளே இருப்பதையும் விலையையும் உள்ளபடி எழுதுங்கள். 39 பவுண்டு மதிப்பு வரை இறக்குமதி வரி இல்லை. தாண்டினால் மகன் வரியும் கூரியர்காரரின் கையாளும் கட்டணமும் கட்டித்தான் பெட்டியை வாங்க வேண்டியிருக்கும். டிசம்பர் முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

சீசன் முழுக்க ஷிப்ட். லண்டனில் ஒரே ஒரு மாலை ஓய்வு. காசு செலவில்லாமல் எங்கே போகலாம்?
மாணவி, இல்ஃபோர்ட்

டிரஃபால்கர் சதுக்கம். 1947 முதல் ஆண்டுதோறும் நார்வேயின் ஆஸ்லோ நகரம் லண்டனுக்கு ஒரு ஸ்ப்ரூஸ் மரம் அனுப்புகிறது, இரண்டாம் உலகப் போரில் கிடைத்த உதவிக்கு நன்றியாக. இருபது மீட்டருக்கு மேல் உயரம். விளக்குகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டாமல் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் தொங்கவிடுவது நார்வே வழக்கம், பார்த்துவிட்டு 'அலங்காரம் போதவில்லை' என்று சொல்லாதீர்கள். டிசம்பர் மாலைகளில் பாடகர் குழுக்கள் மரத்தடியில் கேரல் எனும் கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பாடும். 24ஆம் தேதி வேலை என்றால் பிற்பகல் 3 மணிக்கு இடைவேளை கேட்டுப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி தேவாலயத்தில் 1918இலிருந்து நடக்கும் கேரல் ஆராதனை அப்போது பிபிசி ரேடியோ 4இல் நேரடியாக வரும். ஒரு சிறுவன் தனிக்குரலில் தொடங்குவான், இயர்போனை அதற்கு முன்பே மாட்டிவிடுங்கள். டிசம்பரில் ஒரு மாலைகூடக் கிடைக்காவிட்டாலும் மரம் ஜனவரி முதல் வாரம் வரை நிற்கும்.